தங்கமணி, ரெண்டு சைக்கிள், ஒரு பழைய ரயில் பாதை

போன வாரக் கடைசியில தங்கமணியும் நானும் விஸ்கான்சினின் எல்ராய் - ஸ்பார்ட்டா பாதையில சைக்கிள் ஓட்டினோம். 32 மைல், ரெண்டு நாள், அவசரமே இல்லை. மலைப்பகுதிதான், ஆனா மூச்சு வாங்கலை. காரணம், 1873-இல் ரயிலுக்காகப் போட்ட பாதை இது. ரயிலால செங்குத்தா ஏற முடியாதே! அதான் மலையைக் குடைஞ்சு மூணு சுரங்கம். பெரியது முக்கால் மைல்; கும்மிருட்டு, தண்ணி வேற சொட்டும். டார்ச் அடிச்சு, சைக்கிளைத் தள்ளிக்கிட்டுத்தான் போகணும். வாசல்ல ராட்சத மரக்கதவுகள். அந்தக் காலத்துல குளிர்ல மூடி வெச்சு, ரயில் வரும்போது காவலாள் திறந்து விடுவாராம்.

1964-இல் ரயில் நின்னுச்சு. மறுவருஷமே மாநில அரசு மொத்தப் பாதையையும் வாங்கிடுச்சு. துண்டு துண்டா வித்திருந்தா? திரும்ப ஒட்டவே முடியாது. 1983-இல் அமெரிக்கச் சட்டமும் இதைப் புரிஞ்சுகிட்டு, ரயில் மறுபடி தேவைப்படுற வரைக்கும் தடத்தை நடக்க, ஓட்ட வெச்சுக்கலாம்னு வழி பண்ணுச்சு. அன்னிக்கு யாரோ முழுசா வாங்கி வெச்சதாலதான் நாங்க ஹாயா ஓட்டினோம் :-)