இருபத்தொன்பது இலக்கங்கள் கொண்ட ஆகம எண்

ஆசார்ய நேமிசந்திர சித்தாந்த சக்கரவர்த்தி 10ஆம் நூற்றாண்டில் அருளிய கோம்மடசாரத்தின் ஜீவகாண்டம், பர்யாப்த மனிதர்களின் தொகையை இலக்கம் தவறாமல் உரைக்கிறது. அவ்வெண் 79228162514264337593543950336 ஆகும்.

இது மனம்போன போக்கில் அமைந்த பேரெண் அன்று. 2இன் வர்க்கம் 4. 4இன் வர்க்கம் 16. இவ்வாறே தொடர்ந்தால் 256, 65536 என வளர்ந்து, ஐந்தாம் வர்க்கம் 4294967296 ஆகிறது. ஆறாம் வர்க்கம் 18446744073709551616. இவ்விரண்டையும் பெருக்கக் கிடைப்பதே மேற்கண்ட எண். ஐந்தாம் வர்க்கத்தின் கனமும் இதுவே.

ஓர் எண்ணை எத்தனை முறை பாதியாக்கினால் 1 எஞ்சுமோ அத்தொகையை அர்த்தச்சேதம் என்பர் சமணக் கணித நூலோர். ஐந்தாம் வர்க்கத்தின் அர்த்தச்சேதம் 32. ஆறாம் வர்க்கத்தினது 64. இரு எண்களைப் பெருக்கும்போது அவற்றின் அர்த்தச்சேதங்கள் கூடுகின்றன. ஆகவே இவ்வெண்ணின் அர்த்தச்சேதம் 96. சுவேதாம்பர மரபின் அனுயோகத்துவார சூத்திரமும் மனிதர் தொகையை 29 தானங்கள் உடையதாகவும், 96 முறை பாதியாக்கத் தக்கதாகவும் கூறுவது இங்கு நினைக்கத்தக்கது. 9ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வீரசேனாசார்யர் தம் தவளா உரையில் இம்முறையை விரிவாகக் கையாண்டார். ஐரோப்பாவில் நேப்பியரின் மடக்கை நூல் வெளிவந்தது 1614இல்.

இத்தகைய எண் ஏட்டில் பிழையின்றி நிலைத்தது எவ்வாறு? நேமிசந்திரர் அதனைக் கடபயாதி முறையில் எழுத்துகளாக்கிப் பிராகிருதச் செய்யுளில் பொதிந்தார். ஒவ்வொரு மெய்யும் ஓர் இலக்கம். முதல் எழுத்தாகிய ‘த’ 6ஐயும், இருபத்தொன்பதாம் எழுத்தாகிய ‘ஸ’ 7ஐயும் குறிக்கும். ஒன்றாம் தானத்திலிருந்து இடப்புறமாக எழுதிச் சென்றால் எண் முழுமையாகும். செய்யுளின் யாப்பு நினைவைக் காத்தது. எண்ணின் பிறப்பு முறை பிழையைக் காட்டியது. ஓர் எழுத்துத் திரிந்தாலும், 96 முறை பாதியாக்கி 1ஐ அடைதல் இயலாது. எளிய சோதனையும் உண்டு: 29 இலக்கங்களின் கூட்டுத்தொகை 127, அதனை 9ஆல் வகுத்தால் மீதி 1. ஐந்தாம் வர்க்கத்தின் இலக்கங்களைக் கூட்டினால் 58, மீதி 4. 4இன் கனமாகிய 64ஐ 9ஆல் வகுத்தாலும் மீதி 1 வருதல் காண்க.

தவளாவின் ஓலைச்சுவடிகள் மூடபித்ரியில் நெடுங்காலம் தரிசனத்துக்கு உரியனவாகவே இருந்தன. அவை அச்சேறத் தொடங்கியது 1939இல்தான். போற்றி வைத்ததால் சுவடி அழியாமல் நின்றது. ஓதிக் கணக்கிட்டோர் இருந்தமையால்தான் அதன் பொருள் நின்றது. இல்லங்களில் கோம்மடசாரம் ஓதப்படும்போது, இச்செய்யுளைக் கடந்து செல்லாமல், சிறுவர் கையில் தாளும் எழுதுகோலும் தந்து ஐந்தாம் வர்க்கம் வரையிலேனும் பெருக்கச் செய்தல் அம்மரபுக்கு ஏற்ற வழிபாடாகும்.