சாணிப் பூச்சும் மரத்தின் காயமும்

வீட்டுத் தோட்டம் செய்வோருக்கு அறிவுரைக்குப் பஞ்சமில்லை. முருங்கைக் கதியாலை நாட்டினால் அதன் நுனிவெட்டிற் சாணி அப்ப வேண்டும், மாமரத்திற் கொப்புத் தறித்தால் வெட்டுவாய்க்குத் தார் பூச வேண்டும், விதையிடுவதற்கு வளர்பிறையே ஏற்றது, இப்படிப் பல. சொல்லுவோர் நம் மூத்தோர். சொல்லியபடியே செய்கிறோம், மரமும் பெரும்பாலும் தழைக்கிறது. தழைத்த மரத்தைக் கண்டதும் அறிவுரை மெய்யென்று தீர்ப்புக் கூறிவிடுகிறோம். ஆனால் அம்மரம் தழைத்தது பூச்சினாலா, அன்றிப் பூச்சு இல்லாதிருந்தாலும் தழைத்திருக்குமா? எளிதாகத் தோன்றும் இவ்வினாவுக்கு விடை காண ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் சென்றன. அவ்வரலாறு இங்கிலாந்து மன்னரின் தோட்டத்திலே தொடங்குகின்றது.

பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் வலிமை கடற்படையில் இருந்தது. கடற்படையின் வலிமை ஓக் மரத்தில் இருந்தது. 1765 இல் நீரில் இறக்கப்பட்ட ‘விக்ரறி’ என்னும் போர்க்கப்பல் ஒன்றுக்கே ஏறத்தாழ 6,000 மரங்கள் வேண்டியிருந்தன என்பர். கப்பலுக்கேற்ற ஓக் முதிர்வதற்கோ நூறாண்டுக் காலமாவது செல்லும். நல்ல மரம் அருகி வருகின்றதே என்ற கவலை ஆட்சியாளரைப் பற்றிக்கொண்டது. அரச காடுகளின் நிலையை ஆராய 1786 ஆம் ஆண்டிற் சட்டப்படி ஆணையாளர் நியமிக்கப்பட்டனர்.

இவ்வேளையில் மூன்றாம் ஜோர்ஜ் மன்னரின் கென்சிங்ரன் தோட்டங்களுக்குப் பொறுப்பாயிருந்தவர் வில்லியம் போர்சைத். 1737 இல் ஸ்கொத்லாந்திற் பிறந்து, செல்சி மூலிகைத் தோட்டத்திற் பணியாற்றி உயர்ந்தவர். காயம்பட்டு உளுத்துப்போன மரங்களைக் குணப்படுத்தும் பூச்சொன்றைத் தாம் கண்டுபிடித்திருப்பதாக அவர் அறிவித்தார். பழமரங்கள் மட்டுமன்று, உட்கோறையான ஓக் மரங்களும் அதனால் மீண்டும் வைரம் பாய்ந்த நல்ல மரமாகும் என்றார். மரத்துக்கு ஏங்கிய நாட்டின் செவிக்கு இச்செய்தி தேனாக இனித்தது.

பாராளுமன்றம் இதிலே கருத்துச் செலுத்தியது. இரு சபை உறுப்பினரும் அடங்கிய குழுவொன்று கென்சிங்ரனுக்குச் சென்று மரங்களைப் பார்வையிட்டது. காயத்தின் ஓரங்களிலிருந்து புதுப்பட்டை உருண்டு திரண்டு மூடி வருவதைக் கண்டு வியந்தது. அரசாங்கம் பரிசுப் பணம் வழங்கியது. அதற்கு ஈடாகப் போர்சைத் தமது இரகசியத்தை 1791 இல் அச்சிட்டு வெளியிட்டார். இரகசியம் யாது? புதுச் சாணி ஒரு புசல். பழங்கட்டடத்துச் சுண்ணாம்புச் சிதைவு அரைப் புசல். விறகுச் சாம்பல் அரைப் புசல். மணல் ஒரு புசலிற் பதினாறில் ஒரு பங்கு. பூசுவதற்குமுன், உளுத்த பகுதி முழுவதையும் நல்ல மரம் தெரியும்வரை செதுக்கி எடுத்துவிட வேண்டும்.

எல்லோரும் இதனை நம்பிவிடவில்லை. தாவர ஆராய்ச்சியிற் பெயர்பெற்ற தோமஸ் அன்ட்று நைற் என்பவர் தம் ஐயங்களை 1802 இல் வெளிப்படையாக எழுதினார். போர்சைத்தின் நண்பர்கள் சீறி எழுந்தனர். வாதம் சூடேறியது; ஆயினும் தீரவில்லை. 1804 மார்ச் 7 ஆம் நாள் இலண்டனில் ஒரு புத்தகசாலையிற் கூடித் தோட்டக்கலைச் சங்கத்தைத் தோற்றுவித்த எழுவரிற் போர்சைத்தும் ஒருவர். அவ்வாண்டு யூலையில் அவர் மறைந்தார். அதே சங்கத்துக்கு 1811 முதல் 1838 வரை தலைவராய் இருந்தவர் நைற். இருவரும் தோட்டத்துக்கு நன்மையையே நாடியவர்கள். குறை அவர்களது எண்ணத்தில் இல்லை. வாதத்தைத் தீர்க்கும் முறையிலேயே குறை இருந்தது.

குழுவினரின் கண்ணை நிறைத்தவை மருந்திட்ட மரங்கள். அவை தேறியது உண்மை. ஆனால் அதே வயதும் அதே காயமும் உடைய மரங்களை மருந்திடாமல் விட்டு, இரண்டையும் பல ஆண்டுகள் ஒப்பிட்டாலன்றி மருந்தின் பங்கு இவ்வளவென்று கூற இயலாது. மரத்தின் பட்டைக்கு உட்புறத்தே மாறிழையம் என்னும் மெல்லிய படை உண்டு. காயத்தின் ஓரத்திலிருந்து புது மரத்தையும் புதுப் பட்டையையும் ஆக்குவது அதுவே. பூச்சு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது தன் தொழிலைச் செய்யும். மரம் செய்த வேலைக்குச் சாணி கூலி பெற்றுக்கொண்டது.

ஒப்பிட்டுப் பார்க்கும் வழக்கம் தோட்டக்கலையில் வேரூன்றப் பின்னும் நெடுங்காலம் சென்றது. 1894 இல் பெட்போர்ட் கோமகனும் இரசாயன அறிஞர் ஸ்பென்சர் பிக்கரிங்கும் வோபேர்ணிற் பழமரச் சோதனைப் பண்ணையொன்றை நிறுவினர். மரக்கன்றை நடும்போது வேர்களைக் கவனமாகப் பரப்பி, மண்ணை மெல்ல இட வேண்டும் என்பது அக்காலத் தோட்டக்காரரின் வேதவாக்கு. பிக்கரிங் சில கன்றுகளை அவ்வாறே நட்டார். வேறு சிலவற்றை வேண்டுமென்றே அலட்சியமாகக் குழியிலே திணித்து, மண்ணை இடித்து இறுக்கினார். கெட்டுப்போகும் என எதிர்பார்க்கப்பட்ட கன்றுகள் கெடவில்லை. பல, கவனமாக நட்டவற்றை விஞ்சின. மண் வேரோடு நெருங்கி ஒட்டியது காரணமாயிற்று.

ஆனால் இரண்டு பாத்திகளை ஒப்பிடுவது மட்டும் போதுமா? ஒரு பாத்தி நல்ல மண்ணில் அமைந்துவிட்டால் ஒப்பீடே பிழைத்துவிடும். 1919 இல் றொதம்ஸ்ரெட் ஆராய்ச்சி நிலையத்திற் சேர்ந்த கணித அறிஞர் ஆர். ஏ. பிஷர் இதற்கு வழி வகுத்தார். எப்பாத்திக்கு எதனை இடுவது என்பதை மனிதர் தெரிந்தெடுக்கலாகாது. திருவுளச் சீட்டைப் போலத் தற்செயலுக்கு விட வேண்டும். ஒவ்வொன்றையும் பல தடவை செய்து பார்க்க வேண்டும். இம்முறையை விளக்கிய அவரது நூல் 1935 இல் வெளிவந்தது.

மரக்காயத்தின் வழக்கு இறுதியில் அமெரிக்காவில் விசாரணைக்கு வந்தது. அந்நாட்டு வனத்துறை விஞ்ஞானி அலெக்ஸ் ஷைகோ மரங்களை வெளியிலிருந்து பார்த்து மதிப்பிடவில்லை. ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்காக அறுத்து உட்புறத்தை ஆராய்ந்தார். விலங்கின் புண்ணைப் போல மரத்தின் புண் ஆறுவதில்லை. கெட்ட பகுதியைச் சுற்றி மரம் உள்ளே மதில் எழுப்பி, அழுகலைச் சிறைப்படுத்திவிட்டுப் புறத்தே புதிதாக வளர்கிறது என்று காட்டினார். அவரும் உவோல்ரர் ஷோர்ட்டிலும் பதின்மூன்று ஆண்டுச் சோதனைகளின் பயனை 1983 இல் வெளியிட்டனர். காயப் பூச்சுக்கள் அழுகலைத் தடுக்கவில்லை என்பதே முடிவு. உளுத்ததை நல்ல மரம்வரை செதுக்கும் பழைய வைத்தியமோ, மரம் எழுப்பிய மதிலை இடித்து அழுகலுக்கு வழி திறந்துவிடுகின்றது. மருந்து பயனற்றது என்பதிலும், மருந்துக்காகச் செய்த அறுவையே தீங்கானது என்பதுதான் வருந்தத்தக்கது.

இதனாற் பூச்சு எல்லாமே வீண் என்று கொள்ளலாகாது. வாடல் நோயைச் சுமக்கும் வண்டுகள் ஓக்கின் புதுக்காயத்தை நாடிவரும் ரெக்சாஸ் போன்ற இடங்களில், வெட்டியவுடன் வர்ணம் பூசும்படி அதிகாரிகளே பணிக்கின்றனர். முருங்கைக் கதியாலுக்கு நாம் சாணி அப்புவதும் வேறு நோக்கம் பற்றியது. அது அழுகலைக் குணப்படுத்த அன்று. வேரற்ற தடி காய்ந்துபோகாமற் காப்பதற்கு. ஒரு பூச்சு எதற்காக என்பதைக் கேளாமல் அதன் பயனை அளக்க முடியாது.

அளப்பது கடினமுமன்று. அடுத்த மாரியில் வேலிக்கு இருபது கதியால் நாட்ட இருக்கிறீர்கள் என வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் ஒரே மரத்தில், ஒரே பருமனில், ஒரே நாளில் வெட்டியவையாக இருக்கட்டும். சீட்டுக் குலுக்கிப் பத்துக்குச் சாணி வையுங்கள். பத்தை வெறுமனே விடுங்கள். எது எதுவென்று குறித்துவைத்து, மூன்று மாதத்தின் பின் துளிர்த்தவற்றை எண்ணுங்கள். வேறுபாடு சிறிதாயின் மறு மாரியிலும் செய்து பாருங்கள். மாமரத்திற் கொப்புத் தறிக்கும்போது, கொப்பின் அடியிலுள்ள புடைத்த வளையத்தைச் சேதப்படுத்தாமல் அதற்குச் சற்று வெளியே வெட்டி, மற்றதை மரத்திடமே விட்டுவிடுங்கள்.

முன்னோர் கூறியதைச் சோதித்துப் பார்ப்பது அவரை அவமதிப்பதாகாது. அவர்களும் மண்ணைப் பார்த்தே கற்றார்கள். சாணி வைக்காத பத்துக் கதியாலையும் சேர்த்து எண்ணுவோமாயின், அவர்கள் விட்ட இடத்திலிருந்து நாம் ஒரு சாண் முன்னே செல்கிறோம்.