நூற்றலும் திரித்தலும்: தொல்பழங்கால நார் நூலைத் தமிழில் குறித்தல்

தொல்பழங்கால நெசவு பற்றிய நூல்களைத் தமிழாக்குவோர், நூல் உருவாகும் இடங்களிலெல்லாம் 'நூற்றல்' என எழுதிவிடுதல் எளிது. பருத்திக்கும் கம்பளிக்கும் அச்சொல் பொருந்தும். குறுகிய இழைகளின் திரளிலிருந்து சிறிது சிறிதாக இழுத்து, தக்களியின் சுழற்சியால் முறுக்கேற்றுவதே நூற்றல். ஆளி முதலிய தண்டு நார்களில் முன்னோர் கையாண்ட முறையோ வேறு.

ஐரோப்பாவிலும் மத்தியதரைக்கடற் பகுதியிலும் கிடைத்த பழந்துணிகளை ஆராய்ந்த மார்கரிட்டா கிளெபா, சுசன்னா ஹாரிஸ் ஆகிய இருவரும் இம்முறையின் பரப்பை 2018இல் விளக்கினர். தண்டிலிருந்து உரித்த நார்க்கீற்றின் நுனிமேல் அடுத்த கீற்றின் நுனியை வைத்து, விரலாலோ தொடைமீதோ உருட்டி இணைப்பர். இணைப்பில் முறுக்கு அழுத்தமாக விழும். இடைப்பகுதி ஏறத்தாழ முறுக்கின்றிக் கிடக்கும். இத்தகைய இரு புரிகளைச் சேர்த்து முறுக்கிய பின்னரே நூல் உறுதி பெறும். கையால் பழகுவோர்க்கு வேறுபாடு உடனே புலப்படும்: பஞ்சில் கை இழுக்கிறது, நாரில் கை சேர்க்கிறது.

தக்களி இங்கும் பயன்படக்கூடும் என்பதே சிக்கல். எகிப்தில் மெக்கெத்ரே என்பாரின் கல்லறையிலிருந்து 1920இல் எடுக்கப்பட்ட நெசவுக்கூட மரப்படிமத்தில், ஆளி நாரை உருட்டிச் சேர்க்கும் மகளிரும் தக்களி சுழற்றும் மகளிரும் ஒருங்கே உள்ளனர். அத்தக்களி, முன்னரே இணைத்த நாருக்கு மேலும் முறுக்கேற்றும் கருவி. ஆகவே, அகழாய்வில் தக்களி கிடைத்தது என்பதாலேயே அங்குப் பஞ்சு நூற்றதுபோல் நூற்றனர் எனக் கொள்ளுதல் பொருந்தாது.

இம்முறைக்குத் தமிழில் என்ன பெயரிடுவது? 'பிணைத்தல்' முதலில் நினைவுக்கு வரும். ஆனால், பழைய பாவின் இழைகளோடு புதிய பாவின் இழைகளை இணைப்பதை நெசவாளர் அச்சொல்லால் வழங்குகின்றனர், குழப்பம் நேரும். கயிற்றுத் தொழிலின் 'திரித்தல்' நெருங்கியது. நாரைக் கூட்டிக்கொண்டே செல்லும் செயலையும் சுட்ட, 'நார் கூட்டித் திரித்தல்' எனலாம். சொல் நீண்டதே, ஆயினும் செய்முறை அதிலேயே விளங்குகிறது.

'மரவுரி'யிலும் இத்தகைய எச்சரிக்கை வேண்டும். துருக்கியின் சத்தால்ஹூயுக்கில் கிடைத்த, ஏறத்தாழ 8,500 ஆண்டுப் பழமையுடைய துணிகள் ஓக் மரத்தின் உட்பட்டை நாரால் ஆனவை என 2021இல் அறிவிக்கப்பட்டது. அவற்றை மரவுரி என்று பெயர்த்தால், உரித்த பட்டையை அப்படியே உடுத்ததாகப் படிப்பவர் எண்ணுவர். அவையோ நாரை நூலாக்கிப் பின்னப்பட்டவை. 'மரநார்த் துணி' என்பதே தகும்.