அட்டையில் ஒரு பெயர்

சேலம் ஜில்லாவின் பழைய சங்கதி எது வேண்டுமென்றாலும் கடைசியில் ஒரு புத்தகத்திடம் போய்த்தான் தீர வேண்டும். 1883-ல் இரண்டு பாகங்களாக வெளிவந்த சேலம் ஜில்லா மான்யுவல் அது. மதுரைக்கு நெல்சன் எழுதினார், மலபாருக்கு லோகன், கோயம்புத்தூருக்கு நிக்கல்சன். துரைமார் பெயர் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று நம் காது ஒப்புக்கொள்கிற பெயர்கள் இவை. சேலத்துக்கு எழுதியவர் பெயரில் மட்டும் சோற்றில் கல் கடிபட்டதுபோல் நாக்கு நின்றுவிடுகிறது: எச். லெஃபன்யூ, சென்னை சிவில் ஸர்வீஸ்.

ஓமலூரில் எனக்கு ஒரு சிநேகிதர் உண்டு. பள்ளிக்கூடத்து வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் இந்தப் பெயரை எழுத்துக் கூட்டி, "லீ ஃபானு" என்று வாசித்துவிட்டு, "இது இங்கிலீஷ்காரன் பெயர் மாதிரி இல்லையே, ஸார்!" என்றார். அவர் சொன்னது சரி. இங்கிலீஷ் டைரக்டரிகளில் ஸ்மித்துக்கும் ஜோன்ஸுக்கும் பக்கம் பக்கமாக இடம் உண்டு. லெஃபன்யூ என்றால் விரல் விட்டு எண்ணுகிற அளவில் சில வீடுகள்தான். அந்தச் சில வீடுகளும் ஒரே குடும்பத்துக் கிளைகள். பெயர் பிறந்த இடமோ பிரான்ஸ் தேசத்து நார்மண்டியில் உள்ள கான் என்ற ஊர்.

அங்கிருந்து அது ஏன் புறப்பட்டது? பிரெஞ்சு தேசத்தில் புராட்டஸ்டண்டு மதத்தைத் தழுவியவர்களை ஹியூகனாட்டுகள் என்பார்கள். 1598-ல் நான்காம் ஹென்றி மன்னர் இவர்களுக்கு வழிபாட்டுச் சுதந்திரம் கொடுத்துச் சாஸனம் எழுதினார். அவருடைய பேரர் பதினான்காம் லூயி 1685-ல் அதை ரத்து செய்தார். கோயில்களை இடித்தார்கள்; குழந்தைகளைப் பிடித்து ராஜாவின் மதத்தில் சேர்த்தார்கள்; நாட்டை விட்டு ஓடுவதும் குற்றம் என்றார்கள். அப்படியும் சுமார் இரண்டு லட்சம் பேர் ஓடினார்கள். அவர்களில் ஐம்பதாயிரம் பேர்வரை இங்கிலாந்தில் கரையேறியிருக்கலாம் என்பது மதிப்பு. அகதி என்பதற்கு இங்கிலீஷ் பாஷையில் இன்று வழங்கும் சொல்லே இவர்களோடு வந்து இறங்கிய சொல்தான்.

போன இடத்தில் பிழைக்க வேண்டுமே! பலர் செய்த முதல் காரியம் பெயரை மாற்றியதுதான். 'லெ பிளாங்' என்றால் வெள்ளை. அவர் ஒயிட் ஆனார். 'துபுவா' என்றால் காடு. அவர் வுட் ஆனார். இரண்டு தலைமுறையில் பேரப்பிள்ளைக்கே தன் பூர்வீகம் மறந்துபோயிருக்கும். லெஃபன்யூக்கள் மட்டும் பிடிவாதக்காரர்கள். உச்சரிப்பை ஊர்க்காரர் இஷ்டத்துக்கு விட்டுவிட்டார்கள். எழுத்தில் ஒன்றைக்கூட விட்டுக்கொடுக்கவில்லை.

லண்டனில் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் என்ற பேட்டையில் ஹியூகனாட்டுகள் பட்டுத் தறி போட்டார்கள் என்று படித்தபோது எனக்குச் சேலம் பட்டணம் நினைவுக்கு வந்தது. அங்கே பட்டு நெய்கிற சௌராஷ்டிரர்களும் பல நூறு வருஷங்களுக்கு முன்னால் மேற்கே கடலோரத்து நாட்டிலிருந்து இடம் பெயர்ந்து, விஜயநகரத்தின் வழியாகத் தெற்கே வந்தவர்கள். கடைவீதியில் தமிழ் பேசுவார்கள். வீட்டுக்குள் தங்கள் பாஷை. குடும்பப் பெயர்களையும் கைவிடவில்லை. ஓடி வந்தவனுக்கு நிலமா இருக்கிறது, தோப்பா இருக்கிறது? கைத்தொழிலும் பெயரும்தான் மூட்டையில் கட்டிக்கொண்டு வரக்கூடிய சொத்து.

லெஃபன்யூ குடும்பம் வேர் விட்டது அயர்லாந்தில். 1690-ல் பாயின் நதிக்கரையில் வில்லியம் மன்னருக்காகப் போரிட்ட ஹியூகனாட்டு வீரர்களில் இந்தக் குடும்பத்தவரும் உண்டு. அடுத்த நூற்றாண்டில் டப்ளின் நகரத்தில் இவர்களுக்கு ஒரு சம்பந்தம் வாய்த்தது. நாடகாசிரியர் ஷெரிடனின் சகோதரிகள் இருவர் லெஃபன்யூ சகோதரர்கள் இருவருக்கு வாழ்க்கைப்பட்டார்கள். இந்த ஷெரிடன்தான் 1787-ல் பார்லிமெண்டில் எழுந்து நின்று, வாரன் ஹேஸ்டிங்ஸ் அயோத்தி பேகம்களுக்குச் செய்த கொடுமையைப் பற்றி ஐந்து மணி நேரத்துக்கு மேல் முழங்கியவர். மாமன் கும்பினியை வைதார். நூறு வருஷம் கழித்து அத்தை வீட்டுப் பெயர் கொண்ட ஒருவர் கும்பினிக்குப் பின் வந்த சர்க்காருக்காகச் சேலத்தை எழுதினார். சரித்திரத்துக்கு இம்மாதிரிக் குறும்புகள் உண்டு.

அந்தச் சம்பந்தத்தில் வந்த பேரன்தான் ஜோசப் ஷெரிடன் லெஃபன்யூ. பாட்டியின் பிறந்த வீட்டுப் பெயரையும் நடுவில் சேர்த்துக்கொண்டவர். 1814-ல் பிறந்து 1873-ல் இறந்தார். பேய்க்கதை எழுதுவதில் அவருக்கு மிஞ்சியவர் அந்தக் காலத்து அயர்லாந்தில் இல்லை. நானும் கதை எழுதுகிறவன். கொஞ்சம் பொறாமையோடுதான் இதைச் சொல்கிறேன். 'கார்மில்லா' என்ற அவருடைய கதை 'டிராகுலா'வுக்குக் கால் நூற்றாண்டு மூத்தது. அதில் வரும் ரத்தம் குடிக்கும் பெண்ணுக்கு ஒரு விதி உண்டு. அவள் எத்தனை ஊருக்கு வேண்டுமானாலும் போகலாம், எத்தனை பெயர் வேண்டுமானாலும் சூட்டிக்கொள்ளலாம். ஆனால், செத்துப்போன ஆதிப் பெயரின் எழுத்துக்களையே இடம் மாற்றித்தான் போட்டுக்கொள்ள வேண்டும். மிர்கல்லா, மில்லார்கா, கார்மில்லா—எழுத்துக் கூடவும் கூடாது, குறையவும் கூடாது! ஊர் ஊராக ஓடியும் எழுத்தை மாற்றாத குடும்பத்துப் பிள்ளைக்கு இந்தக் கற்பனை வந்ததில் எனக்கு ஆச்சரியமில்லை. 'கல்லறை ஓரத்து வீடு' பற்றிய நாவலை எழுதியபோது, பாயினில் போரிட்ட மூதாதையின் பெயரையே கதை சொல்கிறவனுக்கு வைத்தார்.

இனிச் சேலத்துக்கு வருவோம்.

மான்யுவல் வெளிவந்த சமயத்தில் இந்த ஜில்லா தாது வருஷத்துப் பஞ்சத்திலிருந்து முழுசாக எழுந்து நிற்கவில்லை. 1876-ல் மழை பொய்த்தது. அடுத்த வருஷமும் கை கொடுக்கவில்லை. நிவாரண வேலைக்கு வந்த ஆளுக்கு நாள் ஒன்றுக்கு ஒரு ராத்தல் தானியமே போதும் என்று ரிச்சர்டு டெம்பிள் துரை கணக்குப் போட்ட காலம் அது. இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல் எல்லாம் சேர்ந்திருந்த அன்றைய சேலம் ஜில்லாவில் 1871-ம் வருஷக் கணக்குப்படி ஜனத்தொகை 19,66,995. 1881-ல் 15,99,595. ஓமலூரும் காடையாம்பட்டியும் தாரமங்கலமும் இந்த எண்களுக்குள்தான் இருக்கின்றன. பிழைக்கப் புறப்பட்டவர்களும் உண்டு. ஆனால் குறைந்ததில் பெரும்பகுதி சாவு. நூற்றுக்குப் பத்தொன்பது பேர்.

அயர்லாந்தில் 1845 முதல் உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் பஞ்சம் வந்தது. 1841-ல் சுமார் 82 லட்சமாக இருந்த அந்தத் தேசத்து ஜனங்கள் 1851-ல் சுமார் 65½ லட்சம் ஆனார்கள். நூற்றுக்கு இருபது. ஐந்தில் ஒரு பங்கு ஜனத்தை இழந்த தேசத்தில் வளர்ந்த பெயர், ஏறக்குறைய அதே பங்கை இழந்த ஜில்லாவின் புத்தக அட்டையில் வந்து உட்கார்ந்தது. இந்த ஒற்றுமை என்னை உலுக்கிவிட்டது. இரண்டு இடத்திலும் தானியம் வெளியே ஏற்றுமதியாகிக் கொண்டேயிருந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

அதே 1881-ல் பிரிட்டனிலும் ஜனக் கணக்கு எடுத்தார்கள். இங்கிலாந்து, ஸ்காட்லாந்துச் சுவடிகளில் ஒவ்வொரு ஆளும் பெயர், வயது, பிறந்த ஊர் சகிதம் பத்திரமாக இருக்கிறார். அவற்றைப் புரட்டி, எந்தக் குடும்பப் பெயர் எந்த ஜில்லாவில் எத்தனை என்று படமே போட்டுவிட்டார்கள். அபூர்வப் பெயர்களை ஆராய்வதற்கென்றே 1979-ல் ஒரு சங்கம் வைத்து, ஆளுக்கொரு பெயராக எடுத்துக்கொண்டு வேலை செய்கிறார்கள். நமக்கு மிஞ்சியது கூட்டுத்தொகை மட்டும்.

சுவடி மிஞ்சியிருந்தாலும் நம்மவர்களைப் பின்தொடர்வது கஷ்டம். அப்பா பெயர் முதலெழுத்தாகச் சுருங்கும். அடுத்த தலைமுறையில் அந்த எழுத்தும் உதிர்ந்து வேறு எழுத்து முளைக்கும். பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைத்தால் சங்கிலி கொஞ்சம் நீளும். நாமக்கல், திருச்செங்கோட்டுப் பக்கத்துக் கவுண்டர்களுக்குக் கூட்டப் பெயர் உண்டு. பெரியசாமி என்ற எழுத்தாளர் தம் கூட்டத்தின் பெயரைச் சேர்த்துக்கொண்டு தூரன் என்றே தமிழ்நாடு அறிய வாழ்ந்தார். தாரமங்கலத்துக் கோயிலைக் கட்டிய கெட்டி முதலிகளுக்குக் கல் இருக்கிறது. மாரியப்பனுக்கும் சின்னப்பையனுக்கும் பச்சியம்மாளுக்கும் என்ன இருக்கிறது?

லெஃபன்யூ என்ற பெயர் இன்றும் இருக்கிறது. டப்ளினில் அந்தப் பெயரில் ஒரு பூங்காவும் சாலையும் உண்டு. ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்து ஆர்ச்பிஷப்பாக ஒரு லெஃபன்யூ இருந்தார். 1947-ல் பிறந்த நிக்கோலா லெஃபன்யூ என்ற அம்மாள் சங்கீதம் இயற்றிப் புகழ் பெற்றவர்; அந்தப் பேய்க்கதைக்காரரின் குடும்பத்தைச் சேர்ந்தவர்தான்.

இந்த வம்சாவளியை எல்லாம் ஓமலூர் சிநேகிதரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தவர், தம் குடும்பத்தை விரல் மடக்கிச் சொல்லிப் பார்த்தார். அப்பா பெயர் சொன்னார். தாத்தா, தாத்தாவின் அப்பா. நாலாவது விரலில் ஒரு பெயர் வந்தது. அவர் சின்னப் பையனாக மேச்சேரிப் பக்கமிருந்து தனியாக நடந்து வந்து, ஓமலூரில் யார் வீட்டிலோ மாடு மேய்த்து வளர்ந்தவராம்.

"அவருக்கு அப்பா பெயர்?" என்று கேட்டேன்.

"அது தாது வருஷம், ஸார்" என்றார்.