மட்டக்களப்பிற் கூடைப்பந்தாட்டமும் ஹேபியர் அடிகளாரும்

விளையாட்டு வீரன் ஒருவனின் வரலாற்றை வெற்றி தோல்விக் கணக்குகளைக் கொண்டு எழுதிவிடலாம். பயிற்றுநரின் வரலாறு அத்துணை எளிதன்று. அவரது உழைப்பின் பயன் பிறர் பெயரிலேயே பதிவாகிறது. கிழக்கிலங்கையின் சமூக வரலாற்றில் யூஜின் ஜோன் ஹேபியர் அடிகளார் பெறும் இடம் இவ்வகையில் ஆராயத்தக்கது.

கூடைப்பந்தாட்டம் பழமையான ஆட்டமன்று. 1891இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்ட் நகரில் அதனை உருவாக்கிய ஜேம்ஸ் நைஸ்மித், ஸ்கொத்லாந்திலிருந்து கனடாவிற் குடியேறிய பெற்றோரின் மகன். சமயக் கல்வி பெற்ற உடற்பயிற்சி ஆசிரியர். கிறித்தவ நிறுவனங்களின் வழியாகவே அவ்வாட்டம் பெரிதும் பரவியது. வாவி சூழ்ந்த புளியந்தீவில், 1873இல் தொடங்கப்பெற்ற புனித மிக்கேல் கல்லூரியும் அதற்கு ஒரு களமாயிற்று. உதைபந்தாட்டத்துக்குப் பரந்த திடல் வேண்டும். கூடைப்பந்தாட்டத்துக்கோ சிறிய ஆடுகளமும், இரு வளையங்களும், அணிக்கு ஐவருமே போதும். பாடசாலைச் சூழலில் இவ்வாட்டம் வேரூன்றியமைக்கு இவ்வெளிமையும் ஒரு காரணம் எனலாம். எனினும் வளையங்கள் நாட்டப்படுவதால் மட்டும் அணிகள் தோன்றுவதில்லை. நாள்தோறும் களத்தில் நிற்கும் ஆசிரியரும் வேண்டும்.

அத்தகைய ஆசிரியராக அமைந்தவர் ஹேபியர் அடிகளார். லூசியானா மாநிலத்தின் ஜென்னிங்ஸ் நகரில் 1923 ஒக்டோபர் 9ஆம் நாள் பிறந்த அவர், 1941இல் யேசு சபையிற் சேர்ந்து, 1948இல் இலங்கை வந்தார். திருகோணமலை புனித சூசையப்பர் கல்லூரியிலும் மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியிலும் கற்பித்தவாறே கூடைப்பந்தாட்ட அணிகளைப் பயிற்றுவித்தார். பிற்காலத்தில் மட்டக்களப்பிலுள்ள கிழக்குத் தொழில்நுட்ப நிறுவனத்தின் பணிப்பாளராகி, இளைஞருக்குக் கைத்தொழிற் பயிற்சி அளிப்பதில் ஈடுபட்டார். களத்திலும் பட்டறையிலும் அவர் நாடியது ஒன்றே: இளைஞர் தம் ஆற்றலைத் தாமே அறிந்துகொள்ளல்.

1990 யூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டது. ஓகஸ்ட் 3ஆம் நாள் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும், 11, 12ஆம் நாள்களில் ஏறாவூரிலும் முஸ்லிம் மக்கள் கொல்லப்பட்டனர். தமிழர் மீதும் வன்செயல்கள் தொடர்ந்தன. வாவிக்கரையின் அயலூர்களுக்கிடையே பயணஞ்செய்வதே உயிராபத்தாயிற்று. இந்நிலையில் அடிகளார் வாழைச்சேனைக்குச் சென்றிருந்தார். ஓகஸ்ட் 15ஆம் நாள், தமிழ் இளைஞர் ஒருவருடன் மட்டக்களப்பு நோக்கித் திரும்பினார். அவ்வழியின் தொலைவு ஏறத்தாழ 30 கிலோமீற்றர், இடையிலுள்ளது ஏறாவூர். இருவரும் ஊர் வந்து சேரவில்லை. அவர்தம் உடல்களும் கண்டெடுக்கப்படவில்லை. அப்போது அடிகளாரின் வயது 66. இலங்கையில் அவர் கழித்த ஆண்டுகள் 42.

காணாமற்போனோர் அலுவலகத்தை அமைக்கும் சட்டம் 2016இல் நிறைவேறியபோது 26 ஆண்டுகள் கடந்திருந்தன. அயல்நாட்டுத் துறவி என்பதால் அடிகளாரின் பெயர் உலகின் கவனத்தைப் பெற்றது. அவருடன் மறைந்த இளைஞரைப் போன்ற எண்ணற்றோரின் பெயர்களோ அவர்தம் வீட்டாரின் நினைவில் மட்டுமே வாழ்கின்றன. பயிற்றுநரின் புகழ் மாணவரிடத்தே தங்குவதாயின், அம்மாணவர் தலைமுறைக்கு நேர்ந்ததையும் சேர்த்தெழுதும்போதே அவர் வரலாறு முழுமை பெறும். அப்பணி மட்டக்களப்பின் வரலாற்று மாணவரைச் சார்ந்ததாகும்.