காணி ஆணைக்குழு: சட்டத்தில் உண்டு, நாட்டில் இல்லை

கிருலப்பனையில் நான் வாடகைக்கு இருக்கும் ஒழுங்கைக்கு ஒருநாள் நில அளவையாளர்கள் வந்து, சுவர்களில் சிவப்பு மையால் எண் எழுதிவிட்டுப் போனார்கள். எதற்கென்று சொல்லவில்லை. "ரோட்டை அகலப்படுத்தப் போறாங்க போல" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. வன்னியிலிருந்து வந்த எனக்கு அன்றிரவு நித்திரை இல்லை.

எங்கே வயல், எங்கே காடு, எங்கே குடியிருப்பு என்று ஓர் அரசு முன்கூட்டியே வகுப்பது தவறல்ல. இலங்கையில் 1946ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் கீழ் தேசிய பௌதிகத் திட்டமிடல் திணைக்களம் முழுத் தீவுக்கும் திட்டம் வரைகிறது. 2050 வரைக்குமான திட்டமும் அவ்வாறு வரையப்பட்டது. நகரங்களுக்கு 1978 முதல் நகர அபிவிருத்தி அதிகார சபை, மகாவலி வலயங்களுக்கு 1979 முதல் மகாவலி அதிகார சபை, காட்டுக்கு வனத் திணைக்களம். ஒவ்வொன்றுக்கும் தனிச் சட்டம், தனி வர்த்தமானி. 1988இல் மணலாறு மகாவலி 'எல்' வலயமான கதையை எம்மவருக்குச் சொல்லத் தேவையில்லை.

இவற்றை ஒருங்கிணைக்க ஒரு சபை அரசியலமைப்பிலேயே இருக்கிறது. 1987இல் வந்த 13ஆவது திருத்தம், அரச காணியைப் பயன்படுத்தும் தேசியக் கொள்கையைத் தேசிய காணி ஆணைக்குழுவே வகுக்க வேண்டும் என்கிறது. எல்லா மாகாண சபைகளின் பிரதிநிதிகளும் அதில் இருக்கவேண்டும். கொள்கைக்கு அடிப்படை தொழில்நுட்பக் காரணங்களே. அரசியலோ இனமோ அல்ல. இவ்வளவு தெளிவாக எழுதிவைத்தும் அந்த ஆணைக்குழு இன்றுவரை அமைக்கப்படவில்லை. 2013இல் உயர் நீதிமன்றம் அரச காணி மத்திக்கே உரியது என்று தீர்ப்பளித்தது. 2018 ஒக்டோபருடன் வட மாகாண சபையின் காலமும் முடிந்தது. ஆணைக்குழு நாளை வந்தாலும் வடக்கின் சார்பில் போய் உட்கார ஒரு சபை வேண்டும்.

2025 மார்ச் 28 வர்த்தமானி இந்த வெற்றிடத்தில்தான் வந்தது. வடக்கில் சுமார் 5,940 ஏக்கர். மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் அரச காணி. அதிலும் பெரும்பங்கு யாழ்ப்பாணத்தில், அடுத்தது முல்லைத்தீவில். உரியவர் கனடாவிலோ இந்திய முகாமிலோ இருக்கலாம், உயிரோடு இல்லாமலும் இருக்கலாம். உறுதி 2009இல் துணிப்பையோடு போயிருக்கும். எதிர்ப்பு எழுந்தது, வழக்கும் நடந்தது, பின்னர் வர்த்தமானி மீளப்பெறப்பட்டது.

உறுதி தொலைத்தவர்கள், அது பதியப்பட்ட காணிப் பதிவகத்தில் சான்றுப்படுத்திய பிரதிக்கு விண்ணப்பிக்கலாம். அப்பாவின் காணிக்கு நான் போன மாதம் போட்டேன்.