டிலீட் பண்ணினா போயிடுமா?

டேட்டாபேஸில் ஒரு ரெக்கார்டை டிலீட் பண்ணினால் அது போயே போச்சு என்றுதான் பலரும் நினைக்கிறோம். போகாதுங்க. டிபேஸ் காலத்திலிருந்தே கதை இதுதான்.

அமெரிக்காவின் ஜெட் ப்ரொபல்ஷன் லேபில் வேலை பார்த்த வேய்ன் ராட்லிஃப், 1970களின் கடைசியில் சின்ன கம்ப்யூட்டர்களுக்காக வல்கன் என்று ஒரு புரோகிராம் எழுதினார். ஆஷ்டன்-டேட் கம்பெனி அதை டிபேஸ் 2 என்று பேர் மாத்தி வித்தது. (டிபேஸ் 1 என்று ஒன்று வந்ததே இல்லை. ஆஷ்டன்னு ஒரு முதலாளியும் கிடையாது. எல்லாம் வியாபார தந்திரம் :))

டிபிஎஃப் ஃபைலில் எல்லா ரெக்கார்டும் ஒரே நீளம். டிலீட் கொடுத்தால் அந்த ரெக்கார்டின் முதல் பைட்டில் ஒரு நட்சத்திரக் குறி விழும், அவ்வளவுதான். பேர், விலாசம், பாக்கித் தொகை எல்லாம் உள்ளே அப்படியே இருக்கும். ரீகால் கொடுத்தா திரும்ப வந்துடும்.

ஏன் இந்த ஏற்பாடு? 100 பைட் வீதம் 3000 ரெக்கார்டு என்றால் மூணு லட்சம் பைட். 360 கேபி ஃப்ளாப்பி கிட்டத்தட்ட ரொம்பிடும். நடுவில் ஒன்றை நிஜமாகவே எடுத்தால், பின்னால் இருப்பதையெல்லாம் முன்னால் நகர்த்தணும். அந்த வேகத்தில் யார் காத்திருப்பது? அதனால் இப்போதைக்கு ஒரு பைட் மட்டும் எழுது, சாவகாசமா 'பேக்' கொடுத்து இடத்தை மீட்டுக்கோ என்று பிரித்துவிட்டார்கள். 1984-ல் வந்த டிபேஸ் 3-ல் 'ஜாப்' உண்டு. அது மொத்த ஃபைலையும் காலி பண்ணும். அதுக்கப்புறம் ரீகால் எடுபடாது.

ஆபத்தும் இங்கேதான். பேக் கொடுக்காமல் ஃபைலை இன்னொருத்தரிடம் கொடுத்தால், நீங்கள் நீக்கிய ஆளின் விவரமும் சேர்ந்தே போகும்.

டிபேஸின் காலம் முடிந்தது, அந்த வழக்கம் முடியவில்லை. போஸ்ட்கிரெஸ் டிலீட் செய்த வரிகளை வேக்யூம் வரும்வரை ஃபைலிலேயே வைத்திருக்கிறது. போன்களில் இருக்கும் எஸ்க்யூலைட்டும் சாதாரணமா டிலீட்டுக்கு ஃபைலைச் சுருக்காது, அந்த இடத்தைக் காலின்னு குறிச்சு வைக்கும். அழித்த மெசேஜ்களைத் தடயவியல்காரர்கள் பல நேரம் தோண்டி எடுப்பது அங்கிருந்துதான்.

பழைய போனை விற்கும்போது இதைக் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்கோங்க.